பங்குக் கிணறும் கட்டற்ற நிரலாக்கக் கருவிகளும்

(ரொறன்ரோ, வோபர்ன் பகுதியில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளில் பங்குக் கிணறு என்றோர் ஏற்பாடு இருந்து வந்ததை மூத்தோர் அறிவர். கிணறு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அதனைச் சூழ்ந்த காணிக்காரர் பலருக்கும் அதிலே பங்கு உண்டு. இன்னார் இன்ன நாளில் இறைப்பது என்று முறை வகுத்திருப்பர். அள்ளும் தண்ணீருக்கு எவரும் எவருக்கும் விலை கொடுப்பதில்லை. எனினும் கிணற்றைக் கலக்கி இறைத்துத் துப்புரவு செய்யும்போதும், இடிந்த கட்டைத் திருத்தும்போதும் பங்காளர் ஒவ்வொருவரும் தம் பங்கு உழைப்பையோ பணத்தையோ கொடுத்தாக வேண்டும். தண்ணீருக்கு விலை இல்லை, ஆனால் கிணற்றுக்குச் செலவு உண்டு என்பதை நன்கு உணர்ந்த சமூகம் தமிழ்ச் சமூகம். அச்சமூகத்தின் பிள்ளைகள் இன்று கனடாவில் நாள்தோறும் வேறொரு பொதுக் கிணற்றில் அள்ளுகின்றனர். கட்டற்ற இயங்குதளமும் அதிலுள்ள நிரலாக்கக் கருவிகளுமே அக்கிணறு. அதனைப் பேணும் பணியில் வோபர்ன் தமிழர் எவ்வாறு ஒழுங்குபட்டுத் தம் பங்கைச் செலுத்தலாம் என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்துவது நன்று. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். எவரும் பயன்படுத்தவும், உள்ளே எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும், மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் இயங்குதளமே கட்டற்ற இயங்குதளம். லினக்ஸ் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நிரலாக்கக் கருவிகள் என்பவை நிரல் எழுதுவோரின் தொழிற்கருவிகள். நிரலை எழுத உரைதொகுப்பி வேண்டும். எழுதியதைப் பொறிமொழிக்கு மாற்றக் கம்பைலர் வேண்டும். பிழை கண்டறியவும், செய்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கவும் தனித்தனிக் கருவிகள் வேண்டும். தச்சருக்கு உளியும் இழைப்புளியும் எப்படியோ, நிரலாளருக்கு இவை அப்படி.

வரலாற்றை நோக்கினால், இக்கருவிகளே முதலில் தோன்றின. இயங்குதளம் அவற்றின் மீது பின்னரே எழுந்தது. 1983ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் ஈமாக்ஸ் என்னும் உரைதொகுப்பியும் 1987இல் ஜிசிசி என்னும் கம்பைலரும் அத்திட்டத்தின் வழியே வெளிவந்தன. ஒரு கம்பைலரைப் பெறுவதற்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்த காலம் அது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதியபோது, அதனைப் பொறிமொழியாக்க அவருக்கு உதவியது அந்த ஜிசிசியே. லினக்ஸ் எழுதப்பட்டுள்ள சி மொழியை உலகுக்குக் கற்பித்த நூல் 1978இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பிரையன் கேர்னிகன் 1942இல் ரொறன்ரோவிலே பிறந்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 1964இல் பட்டம் பெற்றவர் என்பது இந்நகரத்து இளையோர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

இன்று டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவும் பிள்ளைக்கு 60,000க்கும் மேற்பட்ட மென்பொருட் பொதிகள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஒரு வரி கட்டளையில் கம்பைலர் வந்து சேர்கின்றது. அதற்கு ஒரு சதமேனும் செலுத்த வேண்டியதில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும், இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கருவி கிடைக்கின்றது. குடிவரவாளர் சமூகம் ஒன்றுக்கு இதனிலும் பெரிய சமவாய்ப்பு அரிது.

ஆயினும் இக்கிணற்றைத் துப்புரவு செய்பவர் யார் என்ற வினாவை மிகச் சிலரே கேட்கின்றனர். அவ்வினாவை உலகம் கேளாதிருந்தமையால் விளைந்த கேடுகளுள் இரண்டை மட்டும் இங்கு நினைவுகூரலாம்.

2014ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளியாயிற்று. இணைய வங்கி முதலிய சேவைகளின் தகவலை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் கட்டற்ற மென்பொருளிலே அக்குறை இருந்தது. உலகின் வலைத்தளங்களிற் பெரும்பகுதி நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே என்பதும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டொலர் மட்டுமே நன்கொடையாகக் கிடைத்து வந்தது என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தன.

இரண்டாவது, 2024ஆம் ஆண்டு மார்ச்சில் நிகழ்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு கருவி ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. அதனைப் பல ஆண்டுகளாகத் தனியொருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். களைத்துப்போன அவருக்கு உதவுவதாகக் கூறிப் புனைபெயரில் வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேல் பொறுமையுடன் நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அக்கருவிக்குள் களவு வாசல் ஒன்றை அமைத்துவிட்டார். அண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதைக் கவனித்துக் காரணத்தைத் தேடியமையால் அது பரவுமுன் பிடிபட்டது. தனியாளாக விடப்பட்ட பராமரிப்பாளரின் களைப்பே அக்களவுக்கு வழி திறந்தது. அவருக்கு அருகில் நல்ல நோக்கமுடைய நாலு பேர் முன்னரே நின்றிருந்தால் தீய நோக்கமுடையவருக்கு அங்கே இடம் கிடைத்திராது.

இனி வோபர்னுக்கு வருவோம். இவ்வூர் நிரலாக்கத்துக்குப் புதியதன்று. இங்குள்ள வோபர்ன் கொலீஜியேட் உயர்நிலைப் பாடசாலையில் நிரலாக்க மேம்பாட்டுக் குழு ஒன்று இயங்கியது. மாணவர் பாடசாலை நேரத்துக்குப் புறம்பாகக் கூடி நிரலாக்கம் பயின்றனர், போட்டிகளுக்குச் சென்றனர். அத்துடன் நில்லாது, நிரல்களைத் தானாகவே மதிப்பிடும் ஒரு பொறியை இணையத்திலே நடத்தினர். ஒருவர் தம் நிரலை அனுப்பினால், பொறி அதனைக் கம்பைலரிடம் கொடுத்து, மறைவான உள்ளீடுகளுடன் ஓட்டிப் பார்த்து, சரியா பிழையா என்று தீர்ப்புரைக்கும். உலகின் எந்த மூலையிலிருந்தும் அதனைப் பயன்படுத்தலாம். வோபர்ன் சவால் என்ற பெயரில் 1990களிலே தோன்றிய நிரலாக்கப் போட்டியின் வினாக்களை இன்றும் மாணவர் பயிற்சிக்காகத் தீர்த்து வருகின்றனர். அவ்வினாக்களைப் பாதுகாத்து வைத்திருப்பது, டொன் மில்ஸ் பகுதிப் பாடசாலை மாணவர் தொடங்கிய டிஎம்ஓஜே என்னும் மதிப்பீட்டுப் பொறியாகும். அதன் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் எவருக்கும் திறந்துள்ளது. 60க்கும் மேற்பட்ட நிரல்மொழிகளை அது ஏற்கின்றது.

உயர்கல்வி நிலையிலும் இந்நகரில் முன்னுதாரணம் உண்டு. ரொறன்ரோவின் செனெக்காக் கல்லூரியில் 2005 முதல் மாணவர் மொசில்லாவின் மென்பொருளில் நேரடியாகப் பங்களித்துப் பயின்றனர். 2012இல் 35 டொலர் விலையில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி வெளிவந்தபோது, அதற்கேற்ற பெடோரா லினக்ஸ் வடிவத்தைப் பொதிபொதியாகத் தொகுத்து வழங்கியோர் இக்கல்லூரியினரே. 2013இல் அது பிடோரா என்ற பெயரில் வெளியாயிற்று.

இவற்றிலிருந்து ஒரு படிப்பினை பெறவேண்டும். பாடசாலைக் குழு எவ்வளவு திறமையுடையதாயினும் நான்கு ஆண்டுகளில் அதன் மாணவர் வெளியேறிவிடுவர். பல்கலைக்கழகம், தொழில், வேறு நகரம் என்று வாழ்க்கை இழுத்துச் செல்லும். பின்வருவோர் இல்லையேல் பொறி நின்றுவிடும். இளையோரிடம் திறமை உண்டு, தொடர்ச்சி இல்லை. தொடர்ச்சி பெற்றோரிடம் உண்டு. அவர்கள் ஒரே ஊரிலே இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்கின்றனர்; கோயில்களையும் பழைய மாணவர் சங்கங்களையும் ஊர்ச் சங்கங்களையும் நடத்திக் காட்டியுள்ளனர். ஒரு நிரல் வரியையும் எழுதத் தெரியாத பெற்றோருக்கு இப்பணியில் இடமில்லை என்று எண்ணுவது தவறு. அவர்களிடமுள்ள ஒழுங்கமைப்பு அனுபவமே இங்கு மிகத் தேவையானது.

தமிழருக்கு இதில் தனிப்பட்ட அக்கறை கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அது தமிழ் எழுத்து. தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் அரிவரி படிக்கும் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். பைதன் மொழியிடம் கேட்டால் ஐந்து என்று சொல்கின்றது. யுனிகோடு முறையில் மி என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ழ் என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். ஆகவே ஐந்தாகின்றது. அச்சொல்லைப் பின்புறமாகத் திருப்பச் சொன்னால் புள்ளியும் இகரக் குறியும் இடம் மாறி உருக்குலைகின்றது. நிரல் எழுதப் பயன்படும் கட்டளைத் திரைகள் சிலவற்றில் இன்றும் தமிழ் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் காட்சியளிக்கின்றன. இவை எவருடைய பகைமையாலும் நேர்ந்தவையல்ல. கருவியை ஆக்கியவர் தமிழ் அறியாதவர். தமிழ் அறிந்தவர் பிழையைச் சென்று சொல்லவில்லை. அவ்வளவே.

சொன்னால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. முத்து அண்ணாமலை 2000களின் பிற்பகுதியில் எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அதிலே பதிப்பி என்று எழுதினால் கணினி திரையில் எழுதும். நிரல்பாகம், பின்கொடு, முடி என்று கட்டளைகள் யாவும் தமிழிலே அமையும். அம்முயற்சியின் தொடர்ச்சியாக அவரும் பிறரும் ஆக்கிய ஓப்பன் தமிழ் என்னும் பைதன் நிரல்தொகுப்பு, தமிழ் என்ற சொல்லை மூன்று எழுத்தாகவே எண்ணித் தருகின்றது. சென்னையில் த. சீனிவாசன் முதலியோர் 2012இல் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலே எழுதி வருகின்றது. நித்யா துரைசாமி எளிய தமிழில் எழுதிய கணினி நூல்களை எவரும் விலையின்றிப் பெறலாம்.

இன்னொரு சான்று இந்நகரோடு தொடர்புடையது, தமிழரைச் சார்ந்ததன்று. அதனாலேயே கவனத்துக்குரியது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத் 2003இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு உயர்கல்விக்காக வந்தவர். தம் தாய்மொழியான பாரசீகம் கணினியில் செவ்வனே தோன்ற வேண்டும் என்ற அக்கறையில் தொடங்கி, ஹார்ப்பஸ் என்னும் எழுத்துக் கோப்புப் பொறியை வளர்த்தெடுத்தார். அப்பெயரும் பாரசீகச் சொல்லே. இன்று பயர்பொக்ஸ், குரோம், லிப்ரே ஓபிஸ், அண்ட்ரோயிட் ஆகியவற்றில் தமிழின் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமர்வது அப்பொறியினாலேயே. ஒரு குடிவரவாளர் தம் மொழிக்காகச் செய்த உழைப்பு, கட்டற்ற உரிமத்தில் இருந்தமையால் தமிழுக்கும் பயனாயிற்று. தமிழர் இதற்கு ஈடாக உலகின் எந்த மொழிக்கு என்ன கொடுத்தனர் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

இனி வோபர்னில் செய்யத்தக்கவை. இவை பெருந்திட்டங்களல்ல, ஒரு பத்துக் குடும்பங்கள் கூடினாற் போதும்.

முதலாவது, நாளும் இடமும். மாதத்தில் ஒரு குறித்த நாளில், பொது நூலகம் ஒன்றில் கூடுதல் வேண்டும். மார்க்கம் வீதியில் செடார்பிரே நூலகம் உள்ளது. வோபர்னுக்கு அண்மையில் 2015இல் திறக்கப்பட்ட ஸ்காபரோ நகர மைய நூலகத்தில் எண்ணிமக் கருவிகளுக்கெனத் தனிப் பிரிவும் அமைக்கப்பட்டது. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸை நிறுவிக் கருவிகளைப் பழகத் தொடங்கலாம். மழையோ பனியோ நாள் மாறாதிருப்பது முக்கியம். கூட்டம் சிறிதாயினும் நடந்தே தீரவேண்டும்.

இரண்டாவது, பிழை அறிவித்தல். ஒரு கருவியில் தமிழ் சரியாக இயங்குகின்றதா என்று சோதித்து, குறை கண்டால் உரிய இடத்தில் அறிவிக்க வேண்டும். எந்தப் பதிப்பு, என்ன செய்யப்பட்டது, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நிகழ்ந்தது என்ற நான்கும் அதில் இருத்தல் வேண்டும். அதே குறையை வேறொருவர் முன்னரே அறிவித்திருக்கின்றாரா என்று தேடிப் பார்த்தலும் கடமை. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய போலிப் பிழை அறிக்கைகளால் பராமரிப்பாளர்கள் அல்லற்படும் காலம் இது. கேர்ல் என்னும் கருவியைப் பேணுவோர் 2024 முதல் இதனை வெளிப்படையாகவே முறையிட்டு வருகின்றனர். ஆகவே தன் கையால் செய்து தன் கண்ணால் கண்டதை மட்டுமே அறிவிப்பது என்ற ஒழுக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும். உதவி என்ற பெயரில் சுமையை ஏற்றுவது உதவியாகாது.

மூன்றாவது, மொழிபெயர்ப்பும் விளக்கவுரையும். இதிலே மூத்தோர் பங்கு பெரிது. பிள்ளைக்குக் கருவி தெரியும், தமிழ் தடுமாறும். பேரனாருக்குத் தமிழ் தெரியும், கருவி தெரியாது. இருவரும் அருகருகே அமர்ந்தால் ஒரு பக்கம் நல்ல தமிழில் உருவாகும். ஈழத்தில் கணனி என்றும் தமிழகத்தில் கணினி என்றும் வழங்கும் வேறுபாடுகளை முன்னிட்டு மோதிக்கொள்ளாமல், ஏற்கெனவே அக்கருவியை மொழிபெயர்த்து வருவோரின் சொற்பட்டியலைப் பின்பற்றுதல் விரும்பத்தக்கது.

நான்காவது, பணம். ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்கவென 2018இல் தொடங்கிய நிதிசேர்ப்பு, 2021இல் 30 இலட்சம் டொலர் இலக்கை எட்டியது. கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தால் கொடுக்கவல்ல சமூகம் இது. இங்கு வேண்டப்படுவது இலட்சங்களல்ல. குடும்பத்துக்கு மாதம் 5 டொலர் என்று 20 குடும்பங்கள் கொடுத்தால் ஆண்டுக்கு 1,200 டொலர் ஆகும். தமிழுக்குப் பயன்படும் ஒரு சிறு கருவியைப் பேணும் ஒருவருக்கு அது பொருளுதவி மட்டுமன்று; தம் உழைப்பை யாரோ கவனிக்கின்றனர் என்ற ஊக்கமும் ஆகும். வரவும் செலவும் எல்லோரும் காணும்படி எழுதி வைக்கப்படல் வேண்டும்.

ஐந்தாவது, கைமாற்றம். தமிழ்க் கணிமை வரலாற்றில் எத்தனையோ எழுத்துருக்களும் செயலிகளும் தனியொருவரின் ஆர்வத்தில் பிறந்து, அவர் வேலை மாறியதும் நின்றுபோயின. ஆகவே எப்பணியாயினும் அதனை அறிந்தவர் இருவர் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் முதல் செய்முறை வரை எழுத்தில் இருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் வெளியேறுமுன் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவருக்கு அப்பணியைக் கற்பித்திருத்தல் வேண்டும். நூலகம் என்னும் ஈழத்து எண்ணிம நூலகம் 2005 தொடக்கம் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, தனியாட்களின் ஆர்வம் நிறுவனமாக உருப்பெற்றமை ஒரு முக்கிய காரணம்.

பெற்றோர் சிலரிடம் எழக்கூடிய ஐயங்கள் நியாயமானவை. இதனால் படிப்புக் கெடாதா என்பர். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழுக்கு 40 மணிநேரச் சமூகப் பணி கட்டாயமாகும். பொதுப் பயனுள்ள இத்தகைய பணியை அதிற் சேர்க்க இயலுமா என்று தொடங்குமுன்னரே பாடசாலையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். பிள்ளையின் உழைப்பைப் பெரு நிறுவனங்கள் இலாபமாக்கிக்கொள்ளும் அல்லவா என்பர். ஆக்கிக்கொள்ளும் என்பதே உண்மை. ஆனால் அதே கருவியை முல்லைத்தீவில் ஒரு பாடசாலையும் விலையின்றிப் பெறுகின்றது. ஒருவர் எடுப்பதால் மற்றவருக்குக் குறைவதில்லை. பிள்ளையின் பாதுகாப்பு என்னாவது என்பர். பொது இடங்களில் வீட்டு முகவரி, பாடசாலை, வயது ஆகியவற்றை வெளியிடாமை, அறிமுகமற்றோருடன் தனியே உரையாடாமை, பெற்றோர் அறியப் பணியாற்றுதல் ஆகிய மூன்றும் கட்டாய விதிகளாதல் வேண்டும்.

இளையோருக்கு ஒன்று. ஒரு கருவியைப் பயன்படுத்துவோர் கோடிப்பேர். அதன் உள்ளே சென்று ஒரு திருகாணியை முடுக்கியவர் சிலரே. முதல் திருத்தம் ஒரு எழுத்துப் பிழையாக இருக்கலாம். அது ஏற்கப்படாமல் திரும்பியும் வரலாம். திரும்பி வந்ததைத் திருத்தி மீண்டும் அனுப்பும் பொறுமையே இத்துறையின் உண்மையான பயிற்சி. நாளை தொழில் தேடுகையில் அப்பதிவுகள் துணை நிற்கும். அதனிலும் மேலாக, நாள்தோறும் கையாளும் கருவியில் தமக்கும் பங்குண்டு என்ற உரிமையுணர்வு நிலைத்திருக்கும்.

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது முதுமொழி. வோபர்னின் பிள்ளைகள் இறைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகளாயின. கலக்கி இறைக்கும் நாளுக்குக் குடும்பங்கள் வந்து சேரவேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள். அடுத்த மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, ஒரு நூலக அறையைப் பதிவு செய்து, பழைய மடிக்கணினிகளுடன் பத்துக் குடும்பங்கள் கூடுமாயின் அதுவே நல்ல தொடக்கமாகும்.